கம்பித் தாளில் இல்லாதது

பேனா நன்றாக எழுதுகிறது, ஐயா. அலுவலகங்களில் கொடுக்கிற பேனாக்கள் பாதி வரியிலேயே உயிரை விட்டுவிடும். இது அப்படி இல்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும் என்றீர்கள். எனக்குச் சுருக்கிச் சொல்லிப் பழக்கமில்லை. பேச ஆள் கிடைப்பது அரிது என்பதால் கிடைத்தவரை லேசில் விடமாட்டேன். அதனால் உங்கள் எழுத்தரிடம் இன்னும் ஆறு தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜன்னல் வழியே என் பிக்கப் வண்டி தெரிகிறது. யாருக்காவது இடைஞ்சலாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், எடுத்துவிடுகிறேன். எதிர் அலமாரியின் மூன்றாவது தட்டில் எங்கள் விமானத்தின் எண் எழுதிய கோப்பு இருக்கிறது. உங்கள் விபத்து அறிக்கையின் பிரதி ஒன்று எங்கள் முதலாளிக்கு வந்தது. அதை இரண்டு முறை வாசித்தேன். நல்ல அறிக்கை. மருந்தின் அளவு, காற்றின் வேகம், எஞ்சினின் வயது எல்லாம் சரியாக இருக்கின்றன. இரண்டு இடங்களில் மட்டும் தவறு இருக்கிறது. இரண்டும் நான் சொன்னதை நம்பியதால் வந்தவை. அவற்றைத் திருத்திக் கொடுக்கத்தான் வந்தேன். மனிதனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

நான் யார் என்று அறிக்கையில் ஒரே வரிதான்: தரைப் பணியாளர், பதினொரு ஆண்டு அனுபவம். விமானத்தில் ஏறுவதைத் தவிர விமானத்தின் எல்லா வேலையும் செய்கிறவன் என்று அதற்குப் பொருள். பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒற்றை இருக்கை விமானம் அது. மருந்து கலப்பேன், தொட்டியை நிரப்புவேன், இறக்கைக்கு அடியில் வரிசையாக இருக்கும் தெளிப்பு முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவுவேன். ஓடுபாதை என்பது வயல்களுக்கு நடுவே ஒரு நீளமான மண் தடம். அதன் ஓரத்தில் மருந்துக் கொட்டகை. கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் நான் இருக்கிறேன். பக்கத்து வீடு என்று எதைச் சொல்வதானாலும் நான்கு கிலோமீட்டர் போக வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டே என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. உங்களோட இருக்கிறதும் ஒண்ணுதான், தனியா இருக்கிறதும் ஒண்ணுதான் என்றாள். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து நான் ஒண்டிக்கட்டை.

என் வேலையில் முக்கியமானது கம்பித் தாள். அதைப் பற்றி உங்கள் அறிக்கையில் 'தடைகளின் வரைபடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கம்பித் தாள் என்போம். மருந்து விமானம் பயிருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே, பேருந்தைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போகும். அந்த உயரத்தில் மின்கம்பி இருக்கும், கம்பம் இருக்கும், மரம் இருக்கும். இன்னொன்று சொல்கிறேன்: பறக்கிறவர் கண்ணுக்குக் கம்பி தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். கம்பம் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டால் கம்பியும் இல்லாமல் போய்விடும், அதில் போய் மாட்டும்வரை. ஆகவே நாளை எந்த வயலோ அதை முந்தின நாள் மாலை நான் வண்டியில் சுற்றி வருவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். சிவப்புப் பென்சிலில் கம்பி, வட்டத்தில் கம்பம், பச்சையில் மரம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறி.

இதைப் படிக்கிறவர் தம்பி. விமானியை மற்றவர்கள் எல்லாரும் பைலட் என்பார்கள், நான் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ரத்த உறவு இல்லை. ரத்த உறவு எனக்கு வேறு எங்கும் இருந்ததும் இல்லை. நாங்கள் சேர்ந்து வேலை செய்த இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவர் விமானத்தின் சக்கரத்தில் ஒரு முழம் கம்பி சுற்றியபடி வந்து இறங்கினார். நான் தாளில் வரைந்திருந்தேன், அவர் கவனிக்கவில்லை. இறங்கியதும் சிரித்தார், பிறகு வாந்தி எடுத்தார். அன்று ஒரு சட்டம் போட்டார். தாளில் உள்ளதை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவர் விரல் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் அவர், புதுசா ஏதாவது இருக்கா என்று கேட்பார். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று நான் வாயால் சொல்ல வேண்டும். என் பதில் வராமல் அவர் இறக்கையில் கால் வைக்க மாட்டார். உலகத்தில் என் வாய்ச்சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு வேறு யாரும் கொடுத்ததில்லை.

எட்டு ஆண்டுகள் அவர் பக்கத்து அறையில் இருந்தார். சேர்ந்து சமைத்தோம். வெங்காயம் நறுக்குவதில் அவரைப் போல மோசமானவர் கிடையாது. ஒரு துண்டு கட்டைவிரல் அளவு இருக்கும், அடுத்தது கண்ணுக்கே தெரியாது. காலையில் தாளைப் படித்து முடித்தபிறகும் பனி விலகும்வரை பேசிக்கொண்டிருப்போம். அவர் பேசுவார், நான் கேட்பேன். நான் பேசினாலும் அவர் கேட்பார். இதைப் பெரிய விஷயமாக எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போனால் நாலு பேர் இருக்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குத் திருமணம் ஆயிற்று. பள்ளி ஆசிரியை, தங்கமான பெண். நகரத்தில் வீடு பார்த்துப் போனார்கள். அவர்களுடைய பீரோவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாடிக்குத் தூக்கி வைத்தவன் நான்தான். மாலைகள் போய்விட்டன, காலைகள் இருந்தன. காலையே போதும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு முதலாளி ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். அதில் எல்லா வயலும் எல்லாக் கம்பியும் வரும் என்று விற்றவன் சொன்னானாம். நான் வரைந்த பழைய தாள்களைத்தான் முதலாளி படம் பிடித்து அதில் ஏற்றினார். ஆக, என் கையெழுத்தை வைத்தே எனக்கு வேலை இல்லாமல் செய்தார்கள் என்று சொல்லலாம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. தம்பி அதை விமானத்துக்குள் பொருத்திக்கொண்டார். தாளைப் படிக்கும் நேரம் இருபது நிமிடத்திலிருந்து ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. கடைசியில், தாளை இருக்கைமேல் வைத்துவிடுங்கள் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசிக் கேள்வியை மட்டும் விடவில்லை. ஓடிக்கொண்டே கேட்பார், நான் ஓடிக்கொண்டே பதில் சொல்வேன். அதற்குப்பிறகு அடுத்த நாள் காலைவரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத நாட்கள் உண்டு. ஒருமுறை என் குரலே எனக்கு வேறு யாருடையதோபோல இருந்தது. கொட்டகையில் நின்று மருந்துப் பீப்பாயில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகளைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

அந்தப் பருவத்தில் ஒருநாள், மின்வாரியம் அவிழ்த்துவிட்ட ஒரு பழைய கம்பியை நான் தெரியாமல் தாளில் வரைந்துவிட்டேன். உண்மையாகவே தெரியாமல். தம்பி இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். வடக்கு ஓரத்தில் ஒரு கம்பி போட்டிருந்தீர்களே, எங்கே, எனக்குத் தெரியவில்லையே என்றார். இருவரும் உட்கார்ந்து பென்சிலும் தாளுமாக நாற்பது நிமிடம் பேசினோம். தேநீர் இரண்டு தடவை போட்டேன்.

அடுத்த வாரம் இல்லாத கம்பி ஒன்றை நானே வரைந்தேன். அதற்கடுத்த வாரம் ஒரு கம்பம். கூடுதல் கவனத்தால் யாருக்கும் கேடு வந்ததில்லை. கொஞ்சம் உயரமாகப் பறப்பார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் வந்து கேட்பார். பருவம் முடிவதற்குள் மொத்தம் ஏழு கம்பிகள் போட்டேன். இப்போது எண்ணிப் பார்க்கையில் அது அதிகம்தான்.

தம்பி முட்டாள் இல்லை. ஒரு விடுமுறை நாளில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் நான் அப்படிக் கம்பி போட்ட ஒரு வயலுக்கே போய்ப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்ணே, இல்லாத கம்பியப் போட்டீங்கன்னா, இருக்கிற கம்பி மேல எனக்கு நம்பிக்கை போயிடும். அப்புறம் என் உயிருக்கு யாரு பொறுப்பு? இனிமே இல்லாததப் போடாதீங்க, சரியா?"

சரி என்றேன். அதன்பிறகு இல்லாத எதையும் நான் வரைந்ததே இல்லை. அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். இதை நீங்கள் பழைய தாள்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் கோபுரத்துக்கு வருகிறேன். காற்றை அளப்பதற்காக ஒரு நிறுவனம் வயல்களில் மெல்லிய இரும்புக் குழாய்க் கோபுரங்களை நடுகிறது. விளக்கு வைத்தே ஆக வேண்டிய உயரத்துக்கு இரண்டு அடி குறைவாகக் கட்டுவார்கள். விளக்குச் செலவு மிச்சம். சாம்பல் நிறம். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் எழுப்பிவிடுவார்கள். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் கோபுரத்தைவிட மெல்லியவை. நேற்று எதுவும் இல்லாத வயலில் இன்று அது நிற்கும். டேப்லெட்டில் வராது. கம்பத்தைப் பார்த்துக் கம்பியை ஊகிக்கும் வித்தையும் அங்கே பலிக்காது, ஏனென்றால் கம்பமே கம்பி போல இருக்கும்.

விபத்துக்கு முந்தின நாள் மாலை மறுநாள் தெளிக்க வேண்டிய வயலை நான் சுற்ற வந்தபோது, அங்கே ஒரு கோபுரத்தை நட்டு முடித்த வேலையாட்கள் கருவிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி நல்ல மனிதர், கலகலப்பான பேர்வழி. என்னைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். தன் இரண்டு மகள்களைப் பற்றிச் சொன்னார். மூத்தவள் கணக்கில் புலியாம், இளையவள் அப்பாவைப் போலாம். கால் மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, கம்பி தூரத்திலிருந்தே தெரிவதற்காக மாட்டுகிற ஆரஞ்சு நிறப் பந்துகள் நான்கை வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. தாமதமாக வந்து சேர்ந்தன, எங்களுக்கு இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போக வேண்டும், இழுவைக் கம்பிகளில் கை எட்டும் உயரத்தில் நீங்களே மாட்டிவிடுங்கள், உங்கள் பைலட்டிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றேன்.

முதல் தவறு இதுதான். மேஸ்திரி அந்தப் பந்துகளைக் கொடுக்கவே இல்லை, தப்பிக்கக் கதை விடுகிறார் என்று உங்கள் அறிக்கை முடிவு செய்கிறது. யாரோ ஒரு பிக்கப் வண்டிக்காரரிடம் கொடுத்ததாக அவர் சொன்னாராம், பெயர் தெரியாதாம். என்னிடம் யாரும் எதுவும் தரவில்லை என்று நான் சொன்னதை நம்பினீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கட்டிலுக்கு அடியில் நான்கை மறைக்க முடிகிறது. கட்டில் கொஞ்சம் உயரமானது. ஆள் அனுப்பினால் எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்று மாலை அறைக்கு வந்து தாளை வரைந்தேன். மின்கம்பி, மூன்று கம்பங்கள், கிணற்றோரத்து மரம், அம்புக்குறி. கோபுரத்தை வரையவில்லை. இல்லாததைப் போடாதே என்றுதான் தம்பி சொன்னார். இருப்பதை எல்லாம் போடு என்று அவர் தனியாகச் சொன்னதில்லை. இப்படி எழுதினால் உங்களுக்கு அது விதண்டாவாதமாகப் படும். எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது. அன்று நான் நினைத்தது வேறு. தம்பியின் கண் கூர்மையானது. கிட்டே போகும்போது பார்த்துவிடுவார், சட்டென்று மேலே ஏற்றித் தப்பிவிடுவார். நன்றாகப் பயந்துபோவார். இறங்கியதும், முன்பு சக்கரத்தில் கம்பியோடு வந்த நாளைப் போல, என் பக்கத்தில் வந்து உட்காருவார். அண்ணே, தாளை நாம் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பார். ஒரு பயம், அவ்வளவுதான் நான் அவருக்கு வேண்டியது.

அந்த வாரம்தான் அவர் வேலையை விடுவதாகவும் சொல்லியிருந்தார். பருவம் முடிய ஆறு நாட்கள் இருந்தன. வேறு ஊரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தாழப் பறக்கிற பிழைப்பு வேண்டாம் என்று மனைவி ஆசைப்பட்டிருக்கிறாள். சரியான ஆசைதான். பயந்துபோன மனிதர் ஆறு நாளும் தாளைப் படிப்பார் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை அவர் கிளம்பும் முன் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் விபத்தை முடித்துவிடுகிறேன்.

ஆறரை மணிக்கு ஏறினார். நான் ஓடுபாதையின் மூலையில், அவர் இறங்கி வந்ததும் குடிக்கத் தேநீரை மூடி வைத்துக்கொண்டு நின்றேன். நான்காவது சுற்றில் எஞ்சின் சத்தம் திடீரென்று மாறியது. பிறகு சத்தமே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நான்தான் முதலில் போனேன். ஓர் இறக்கை கோபுரத்தடியில் கிடந்தது. மற்றதெல்லாம் நூறு அடி தள்ளிப் பயிருக்குள் கவிழ்ந்திருந்தது. எரிபொருள் குழாயை அடைத்தேன், வாரை அறுத்தேன், கழுத்து அசையாதபடி தாங்கி வெளியே எடுத்தேன். என்னுடைய துணிச்சலை அறிக்கையில் பாராட்டியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுக்க வேண்டியதில்லை, அது உண்மை.

அவர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலது கை கொஞ்சம் அசைகிறது. பேச்சு நிதானமாக வரும், ஆனால் வரும். அந்த நாள் காலை மட்டும் நினைவிலிருந்து துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது. இரண்டு மாதம் மருத்துவமனை, அப்புறம் வீடு. மாடி வீட்டை விட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு நான்தான் தேடிக் கொடுத்தேன்.

ஐந்து மாதங்களாகத் தினமும் நாலு மணிக்குப் போகிறேன். அவர் மனைவி பள்ளியிலிருந்து வந்து சமையலைப் பார்ப்பாள், நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன். சவரம் செய்வேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பேன், செய்தித்தாள் வாசிப்பேன். பிறகு பேசுவோம். அவருக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஏழு மணிவரை பேசுவோம். சொல்லக்கூடாது, ஆனாலும் உண்மையை எழுத வந்த இடத்தில் எதற்கு ஒளிக்க வேண்டும்: என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது இந்த ஐந்து மாதம்தான். ஒருநாள் அவள் என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, நீங்கள் மட்டும் இல்லையென்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் அண்ணா என்று கண் கலங்கினாள். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்றேன்.

தம்பிக்கு மட்டும் ஒரு கேள்வி ஓயவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது கேட்பார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பார்.

"அண்ணே, அன்னிக்குக் காலையில நான் உங்ககிட்ட கேட்டேனா? புதுசா ஏதாவது இருக்கான்னு?"

"இல்ல தம்பி. அவசரமாப் போயிட்டீங்க."

"இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட விட்டதில்லையே. அன்னிக்கு மட்டும் ஏன் கேக்காமப் போனேன்? கேட்டிருந்தா நல்லா இருந்திருப்பேன் இல்ல?"

அப்போது அவர் அழுவார். கண்ணைத் துடைக்கக் கை எட்டாது, நான் துடைத்துவிடுவேன். விடுங்கள் தம்பி, யாருக்கும் ஒருநாள் மறதி வரும், அதற்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்று தேற்றுவேன். என்னால் ஆன மட்டும் ஆறுதலாகச் சொல்வேன். அவள்கூட, என் பேச்சைக் கேட்டபிறகுதான் அவர் தூங்குகிறார் என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்திருந்தார். தூரத்து நகரத்தில், நடக்கப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள், ஒரேயடியாக. நானும் கூட வரட்டுமா, அங்கே எனக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்காமலா போகும் என்று கேட்டேன். அண்ணன் தன் தங்கையைப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் செய்ததே போதும் அண்ணா, இனி எங்களுக்காக உங்கள் வாழ்க்கையை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். எனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

இனி இரண்டாவது தவறு. 'விமானி அன்று வழக்கமான கேள்வியைக் கேட்கத் தவறினார்' என்று பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. தாளை வரைந்து முடித்தபிறகுதான் கோபுரம் கண்ணில் பட்டது, அவர் கேட்டிருந்தால் வாயால் சொல்லியிருப்பேன் என்று நான் சொன்னதை வைத்து எழுதியது அது. அடித்துவிடுங்கள்.

அன்று காலை தம்பி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தார். டேப்லெட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். தேநீரைத் தானே ஊற்றிக்கொண்டார். என் முழங்கால் வலியை விசாரித்தார். தாளை விரித்து, பழையபடி ஒவ்வொரு குறியிலும் விரல் வைத்துத் திருப்பிச் சொன்னார். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவர் கேட்டதும் கோபுரத்தைச் சொல்லிவிடத்தான் இருந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பயமுறுத்த வேண்டிய அவசியமே இல்லை, அவர்தான் வந்துவிட்டாரே.

அப்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவதான் சொல்லி அனுப்பினா, அண்ணே. பாவம் அந்த மனுஷன், யாருமில்லாதவரு, ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி தினமும் ஒரு பத்து நிமிஷம் அவர்கூட உக்காந்துட்டு வாங்கன்னு. சரி, நான் கிளம்புறேன். புதுசா ஏதாவது இருக்கா?"

கேட்டார், ஐயா. எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, பதிலுக்காகக் காத்திருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. போயிட்டு வாங்க" என்றேன்.

அந்த நிமிடத்திலும் அவர் கோபுரத்தைப் பார்த்துத் தப்பிவிடுவார் என்று நம்பினாயா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறரை மணிக்கு அந்த வயலில் கிழக்கு முகமாகப் பறந்தால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். எதிரே யானை நின்றாலும் தெரியாது. அந்த வயலை எப்போதும் தெற்கு வடக்காகத்தான் தெளிப்போம். அன்றைய தாளில் மட்டும் அம்புக்குறி கிழக்கு நோக்கி இருக்கிறது. முந்தின நாள் மாலையே, அவர் வந்து பக்கத்தில் உட்காருவதற்கு முன்பே, அதை அப்படி வரைந்தவன் நான். ஏன் வரைந்தேன் என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை. தாள் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது. குற்றம் செய்தவன் ஒருநாள் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், நான் கட்டுப்பட்டுவிட்டேன். உங்கள் எழுத்தரிடம் ஒரு சந்தேகம் கேட்டு வைத்தேன். இந்த வாக்குமூலம் பதிவானால் கோப்பை மறுபடி திறப்பார்களாம். விமானிதான் முக்கிய சாட்சி என்பதால், விசாரணை முடியும்வரை அவர் வெளியூர் போக அனுமதிக்க மாட்டார்களாம். ஒவ்வொரு அமர்விலும் நானும் அவரும் நேருக்கு நேர் இருக்க வேண்டுமாம். இன்று புதன்கிழமை, வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி அழைப்புக் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது. தபால் தாமதமாகும் என்றால் சொல்லுங்கள், என் வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி இனி என்னிடம் கேட்க எவ்வளவோ இருக்கும். ஒன்றுவிடாமல் பதில் சொல்வேன். இப்படிப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். எனக்கு அவசரமில்லை.